வளைவுக் கல்

"கல்லைப் பிடுங்குங்கடா! இன்னும் என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

ஜில்லா போர்டு ஓவர்சியர் சின்னச்சாமி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ரோட்டு வேலைக்கு வந்த கூலியாட்கள் யாரும் அசையவில்லை. கடப்பாரை வைத்திருந்த கருப்பு அதை மெல்லத் தரையில் சாய்த்தான்.

"அது கல்லு இல்லைங்கய்யா. சோணையம்மா."

விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் ரோடு புளியமரங்களுக்குள் சட்டென்று திரும்பும் இடம் அது. அந்தத் திருப்பத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் மஞ்சள் துணி, காலடியில் கற்பூரக் கரி. அடுத்த வாரம் கலெக்டர் துரை இந்த வழியாக முகாம் போகிறார். அனுமதி இல்லாமல் நட்ட எதுவும் ரோட்டோரத்தில் இருக்கக்கூடாது என்று உத்தரவு.

"யாரு நட்டது?"

"யாரும் நடலை. பூமியைப் பிளந்துக்கிட்டு வந்துச்சு" என்றாள் ஜல்லி உடைக்கும் ஒச்சாயி. "கண்மாய்க்குள்ள கெடந்த ஆத்தா, காவலுக்கு ரோட்டுக்கு வந்துட்டா."

"நேத்து ஒருத்தன் சோழவந்தான்ல இருந்து நடந்து வந்த சாமின்னு சொன்னானே?"

"வந்திருக்கும். சாமி என்ன பஸ்ஸுக்கா காத்துக் கெடக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓவர்சியர் சிரிக்கவில்லை.

அவருடைய குழப்பம் வேறு. போன வருஷம் வரை இந்த வளைவில் மாதம் தவறாமல் ஏதாவது நடக்கும். சந்தை முடிந்து வண்டிக்காரன் தூங்கிவிடுவான். மாடு நடுரோட்டில் போகும். எதிரே மோட்டார் வரும். எத்தனையோ மாடுகள் செத்தன. ஒரு பஸ் மரத்தில் மோதியது. குதிரை வண்டி ஒன்று நொறுங்கி, உள்ளே இருந்த பெண் செத்துப்போனாள். யாரோ படித்த ஆள் ஒருவன், வளைவில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி மனு மேல் மனு போட்டான். பலகைக்கு வழியில்லை என்று பதில் எழுதியது சின்னச்சாமிதான்.

பலகை இன்னும் வைக்கவில்லை. ரோட்டையும் யாரும் தொடவில்லை. விபத்து மட்டும் நின்றுபோயிருக்கிறது. எப்படி?

ஹாரன் அடித்துக்கொண்டு வந்த பஸ் ஒன்று, கல்லுக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் காளை இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"எல்லா பஸ்ஸும் இங்க நிக்குமா?" என்று கேட்டார் ஓவர்சியர்.

"நிக்காம? போன மாசம் ஒருத்தன் நிக்காமப் போனான். ஆத்தா அவன் டயரை வெடிக்க வச்சுட்டா." கடப்பாரை அவன் கண்ணில் பட்டது. "என்ன சார் இது? ஆத்தாளை எடுத்தா நான் இந்தப் பக்கம் வண்டி ஓட்ட மாட்டேன். எம் புள்ளைகளுக்கு நீங்களா கஞ்சி ஊத்துவீக?"

எடுக்காவிட்டால் ஓவர்சியரின் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். புளியமரத்தடியில், துருக்கித் தொப்பி அணிந்த இளைஞன் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். முகம் எதையும் காட்டவில்லை.

"ராவுத்தர் தம்பி, இங்க வாங்க. இவங்க பயந்து சாகுறாங்க. உங்களுக்குத்தான் இந்தப் பயம் கிடையாதே. கடப்பாரையில ஒரு கை போடுங்க."

"மாட்டேன்."

"நீங்களுமா இதைச் சாமின்னு நம்புறீங்க?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

இளைஞன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "கல்லை நட்டதே நான்தான்."

"உங்களுக்கு எதுக்குத் தம்பி அம்மன் கல்லு?"

"அம்மன் கல்லு இல்லை சார். வளைவு கண்ணுக்குத் தெரியட்டும்னு நட்டு, சுண்ணாம்பு அடிச்சேன். மறுநாள் வந்து பார்த்தா குங்குமம் வச்சிருந்தாங்க. அடுத்த நாள் மஞ்சத் துணி. துடைச்சுப்போடலாம்னு குனிஞ்சேன். அப்ப ஒரு மோட்டார் வந்து நின்னுச்சு. கையை எடுத்துட்டேன்."

"அட..."

"மெல்லப் பேசுங்க. வெளியே தெரிஞ்சா ஒரு வண்டியும் நிக்காது. எங்க பள்ளிவாசல்லயும் என்னை நிக்க வச்சுக் கேப்பாங்க."

"அப்போ அந்த மனுவெல்லாம்..."

"பக்கீர் முகமது, பி.ஏ. நான்தான்."

ஓவர்சியர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் வைத்துக்கொண்டார்.

"டேய் கருப்பு! கடப்பாரையை வண்டியில போடு. சுண்ணாம்பு மங்கியிருக்கு, ஒரு பூச்சு அடி. துரை கேட்டா மைல் கல்லுன்னு சொல்லிக்கலாம்."

ஒச்சாயி குலவையிட்டாள். காளை கற்பூரத்தை ஏற்றிக் கைகூப்பினான். "தாயே, என் வண்டியில வர்ற பொம்பளை புள்ளைகளைப் பத்திரமா வீடு சேத்துரு."

"இவங்க சாமிக்குப் பயந்து நிக்கிறாங்க" என்றார் ஓவர்சியர். "நீங்க யாருக்காகத் தம்பி இம்புட்டுப் பாடுபட்டீங்க?"

பக்கீர் முகமது கற்பூரம் எரிந்து அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் குதிரை வண்டியில இருந்தது சைனப்" என்றான். "என் வீட்டுக்காரி."