தோளில் ஒரு தட்டு

மொட்டை மாடிச் சுவரோரம் வந்து நின்றதுமே இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கீழே பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பார்த்துவிட்டேன். தெருவில் ஒரு லாரி தீப்பெட்டி அளவில் போய்க்கொண்டிருந்தது.

கயிற்றில் தொங்கியபடி கட்டடத்தின் வெளிக்கண்ணாடியைத் துடைக்கும் வேலை. மூன்று மாத ஒப்பந்தம். அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு இருக்கிற அனுபவமெல்லாம் அச்சு இயந்திரத்தில். அச்சகத்தை இழுத்து மூடிய பிறகு நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் எனக்கு முன்பே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

"அனுபவம் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லுங்க. வந்து பாக்கவா போறாங்க?" என்றாள் மனைவி.

கண்ணாடி துடைக்கிற வேலை என்றுதான் அவளிடம் சொன்னேன். எங்கிருந்து துடைப்பது என்று சொல்லவில்லை. வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியைக்கூட ஒருநாளும் துடைக்காத மனுஷன் என்று கேலி செய்தாள். அவள் சிரித்தே வெகுநாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆறு வருட அனுபவம் என்று அடித்துவிட்டேன். சொல்வதுதான் சொல்கிறோம், குறைத்துச் சொல்வானேன்.

சூப்பர்வைசர் என்னை ஒரு நரைத்த மீசைக்காரருடன் ஜோடி சேர்த்தார்.

"ரெண்டு பேருமே பழைய கை. நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஒருத்தர் போட்ட முடிச்சை இன்னொருத்தர் இழுத்துப் பாருங்க. சரியா இருந்தா தோள்ல ஒரு தட்டு. தட்டு விழாம யாரும் சுவரைத் தாண்டக் கூடாது."

நாங்கள் வேண்டாமென்றால் ஏற இன்னும் நாலு பேர் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் போய்ப் போனை நோண்ட ஆரம்பித்தார்.

மீசைக்காரரைப் பார்த்ததும் எனக்குப் போன உயிரில் பாதி திரும்பியது. அவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டால் தப்பித்துவிடலாம்.

"முதல்ல நீங்க போடுங்கண்ணே," என்றேன்.

"நீங்க இருக்கறப்பவா? நீங்க போடுங்கண்ணே."

அவர் என்னைவிட மூத்தவர். இருந்தும் என்னை அண்ணே என்றார். தொழிலில் ஊறியவர்களுக்கு இப்படித்தான் ஒரு அடக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் இருவரும் சேர்ந்தே போட்டோம். தரையில் பதித்திருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்ட வேண்டும். பஸ்ஸில் வரும்போது வீடியோவில் பார்த்த முடிச்சைப் பாதி ஞாபகத்தில் போட்டேன். மீதிப் பாதிக்கு ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்த்தேன். நான் தயங்கி நின்றபோதெல்லாம் அவரும் நிறுத்தினார். எனக்காகத்தான் மெதுவாகச் செய்கிறார், எவ்வளவு பெரிய மனசு என்று தோன்றியது.

பிறகு என் முடிச்சருகே உட்கார்ந்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, மேலும் கீழும் பார்த்தார். ஒருமுறை இழுத்தார். இதோ நிமிரப்போகிறார், சூப்பர்வைசரைக் கூப்பிடப்போகிறார், நான் படியிறங்கிப் போய் அவளிடம் என்ன சொல்வேன்?

தோளில் தட்டு விழுந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வருட அனுபவம் இருப்பதை நானே நம்பிவிடுவேன் போலிருந்தது.

அடுத்து என் முறை. அவர் முடிச்சைப் பிடித்து இழுத்தேன். அது முடிச்சா சிக்கலா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் போட்டது சரியாகத்தான் இருக்கும். தண்ணீர்த் தொட்டிவரை கேட்கிற மாதிரி பலமாகவே தட்டினேன்.

அவர் ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு வெளியே போட்டு, குதிரைமேல் உட்கார்வது போல உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னண்ணே. எனக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். கூரியர் ஆபீஸ்ல மூட்டை கட்டிக்கிட்டு இருந்தவன், அந்த முடிச்சத்தான் போட்டிருக்கேன். நீங்க பாத்துத் தட்டினீங்க பாருங்க, அப்பத்தான் பயமே போச்சு."

என் கை தானாகப் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

"நானும்தான்," என்றேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மீசைக்குக் கீழே சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வளையத்தில் இருந்த தன் முடிச்சைப் பார்த்தார், என் முடிச்சைப் பார்த்தார். கீழே தெருவைப் பார்த்தார். கடைசியாக மாடிப்படிக் கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"என்னப்பா, இன்னுமா?" என்றார் சூப்பர்வைசர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இதோ ஆச்சு சார்," என்றார் மீசைக்காரர்.

சட்டையைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

"இன்னொரு தடவை தட்டுங்கண்ணே," என்றார்.

தட்டினேன்.

பிறகு என் தோளை அவர் பக்கம் திருப்பினேன்.