எடை குறையும் அறை

சரவணம்பட்டியில் புது ஃபிளாட் வாங்கிய சுகந்தி, கூடுதல் வசதிகளைத் தேர்ந்தெடுக்கக் கணவர் ராஜமாணிக்கத்தோடு மாதிரி வீட்டுக்குப் போயிருந்தாள். பிறந்ததிலிருந்தே கால்களில் வலுவில்லாத மகள் இதழினி சக்கர நாற்காலியில் கூட வந்தாள். சமையலறை மேடை, குளியலறைக் கல் என்று பார்த்துக்கொண்டே வந்தவர்களைக் கடைசி அறைக்கு அழைத்துப்போனாள் விற்பனைப் பெண்.

"இந்த ரூமுக்குள்ள மட்டும் உடம்பு எடை குறைஞ்சுருமுங்க. எவ்வளவு வேணுமோ வெச்சுக்கலாம்."

உள்ளே கால் வைத்ததும் சுகந்திக்கு உடம்பு தக்கையாகிவிட்டது. அவள் திரும்புவதற்குள் இதழினி நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழத் தொடங்கியிருந்தாள். ராஜமாணிக்கம் பதறி ஓடி, தாங்கிப் பிடிக்க மண்டியிட்டார். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் நின்றாள்.

குனிந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, உங்க உச்சந்தலையில முடியே இல்லீங்க!"

"இது போதுமுங்க," என்றார் அவர் விற்பனைப் பெண்ணிடம், எழாமலே. "வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

சுகந்தி மெல்ல மகளருகில் போய் நின்றாள். இதுவரை படுத்தும் உட்கார்ந்துமே இருந்த பிள்ளையின் தலை அவள் தோளுக்கு மேல் இருந்தது.

"கண்ணு," என்றாள். "இவ்வளவு உசரமா நீயி?"