திருப்பிக் காட்டும் கை

ஆரியசாலை டீக்கடையின் நீலத் தார்ப்பாய் வழியே இறங்கும் மதிய வெயிலில் மேஜை, டம்ளர், இருவரின் கைகள் எல்லாமே நீலமாக இருக்கின்றன. எதிர்க்கடையில் மிளகாய் வற்றல் மூட்டை இறக்குகிறார்கள். நெடி தாங்காமல் பகவதி தும்முகிறாள், வளையலை உருட்டுகிறாள், தெருவைப் பார்க்கிறாள். அவளுடைய முதல் கல்யாணமும், எதிரே இருக்கும் தளவாயின் முதல் கல்யாணமும் தனித்தனியே கோர்ட்டில் விவாகரத்தாகி முடிந்தவை. இருவரும் தனியாக டீ குடிக்க வந்திருப்பது இதுதான் முதல் தடவை. அவள் போன் அதிர்கிறது. எடுப்பதற்கு முன்பே கை தானாகத் திரையை அவன் முகத்துக்கு நேரே திருப்புகிறது. “அம்மையாக்கும்.” முதல் புருஷன் வீட்டில் யார் போனில் கூப்பிட்டாலும் இப்படிக் காட்டியாக வேண்டும். தளவாய் திரையைப் பார்க்காமல் பழம்பொரியைப் பிய்க்கிறான். “நான் கேக்கலையே. எடுத்துப் பேசுங்க.” அவளுக்குக் காது சுடுகிறது. போனைக் கவிழ்த்து வைக்கிறாள்; விரல்கள் அதன் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கின்றன. தெருவில் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுப் பின்னோக்கி வருகிறது. தார்ப்பாய் படபடக்கிறது. அவன் சட்டைப் பையில் மணி அடிக்கிறது. எண்ணெய் விரல்களோடு அவசரமாக எடுத்து, திரையை அவள் பக்கம் திருப்புகிறான். “தங்கச்சியாக்கும்.” சொன்ன பிறகுதான் நீட்டியிருக்கும் தன் கையைப் பார்க்கிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. “நானும் கேக்கலையே,” என்கிறாள் பகவதி.