காற்றில் பிடித்த தண்ணீர்

"தண்ணி மேல் கோட்டைத் தொட்டுடுத்துடா பிரணவ்! நேத்து பூரா மழை பெஞ்சுதில்லையா, அதான். காத்துல இத்தனை தண்ணியா? என்னால நம்பவே முடியலை!"

பத்ரிநாராயணன் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் தொட்டியுமாகக் கூடத்தில் நின்று கூவிக்கொண்டிருந்தார். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்குகிற மெஷினின் தொட்டி அது. புனேயிலிருந்து பிள்ளை பிரணவ் வாங்கி அனுப்பியது. சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த சுபத்ராவுக்கு அந்தக் கூச்சலைக் கேட்கக் கேட்க வயிறு குளிர்ந்தது.

இருக்காதா பின்னே? அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. மழைக்காலம் வந்தால் சுவரெல்லாம் ஓதம். கதவு உப்பிக்கொண்டு தாழ்ப்பாள் விழாது. பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவையில் பூஞ்சை வாடை. "இதை வித்துட்டு ஒரு ஃபிளாட்டுக்குப் போயிடுங்கோப்பா" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னான். "நான் கட்டின வீட்டைப் பத்திப் பேச நீ யாருடா?" என்று இவர் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் சுபத்ரா.

ஆவணியில் இந்த மெஷின் வந்து இறங்கியது. முதல் நாள் அதை முறைத்துப் பார்த்தார். மறுநாள் தொட்டியில் தண்ணீரைக் கண்டதும் அசந்துபோய், தானாகவே பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டார். அன்றிலிருந்து காபிக்கு முன்னால் தொட்டி, தொட்டிக்கு அப்புறம் பிரணவ். தண்ணீரில் ஆரம்பிக்கிற பேச்சு அவன் ஆபீஸ், அவன் முதுகுவலி, அங்கே கத்தரிக்காய் விற்கிற அழகு என்று எங்கெங்கோ போகும்.

பாழாய்ப்போன மெஷின் தீபாவளியோடு படுத்துவிட்டது. விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு சேரவில்லை. காலையில் முதலில் பார்த்தவள் சுபத்ராதான். 'பார்த்தியா உன் பிள்ளை வாங்கின லட்சணத்தை' என்று இவர் குதிப்பார், அவன் முறுக்கிக்கொள்வான். மறுபடியும் முதலிலிருந்தா? அவள் யோசிக்கவே இல்லை. அவர் பல் தேய்க்கப் போன நேரமாகப் பார்த்து, சமையலறைக் குழாயில் ஒரு சொம்பு பிடித்துத் தொட்டியில் ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் அதே திருட்டுத்தனம். மழை நாளென்றால் கூடுதலாக ஒரு டம்ளர்.

அதற்காகச் சுவரை விட்டுவிடவில்லை. மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தால் ஜன்னல்களை விரியத் திறந்து வைத்தாள். பெருக்க வசதியாக இருக்கும் என்று சொல்லி, அவரையே ஒரு பக்கம் பிடிக்க வைத்து, பீரோவைச் சுவரைவிட்டுத் தள்ளி நகர்த்தினாள். புடவைகளை மடிப்பு மாற்றிக் காற்றாட விட்டாள். இந்த மழைக்குப் பூஞ்சை தலைகாட்டவில்லை. பெயரெல்லாம் மெஷினுக்குத்தான். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

அவர் போனை வைத்ததும் வாசலில் "சார்!" என்று குரல் கேட்டது. பக்கத்து வீட்டு சவுரிமுத்து, கையில் காலி பாட்டிலோடு நின்றார்.

"சார், உங்க மெஷின் தண்ணி கொஞ்சம் குடுங்க. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தணும். காத்துலருந்து வர்ற தண்ணியில உப்பே இருக்காதாமே? கடைக்குப் போலாம்னா ரோடெல்லாம் முழங்கால் தண்ணி."

சுபத்ரா காபி டபராவோடு கூடத்துக்கு விரைந்தாள். தொட்டியில் இருப்பது குழாயில் வருகிற அசல் போர் தண்ணீர். பக்கெட்டில் பிடித்து வைத்தாலே விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை ஊற்றினால் அந்த மனுஷனின் பேட்டரி என்னத்துக்கு ஆகும்? சரி, உண்மையைச் சொல்லிவிட்டால்? நாளைக் காலையில் இந்த வீட்டிலிருந்து புனேக்குப் போன் போகுமா?

"அது வந்து..." என்று அவள் இழுப்பதற்குள் பத்ரிநாராயணன் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தர முடியாது சவுரிமுத்து."

"ஒரு பாட்டில்தான் சார்!"

"ஒரு சொட்டு கிடையாது. என் பிள்ளை அனுப்பின மெஷின், இது பூரா என் துளசிக்கு. தண்ணி வடியட்டும், கடையிலேர்ந்து உங்களுக்கு நானே வாங்கிண்டு வந்து தரேன்."

"இன்னா சார், தண்ணிக்குப் போய் இவ்ளோ கிராக்கி பண்றீங்க! சரி சரி, புள்ள அனுப்புன தண்ணியாச்சே" என்று சவுரிமுத்து சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சுபத்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மனுஷனின் பிடிவாதமும் ஒரு நாள் உதவுகிறதே! ஆனாலும் ஒப்புக்காவது ஒரு வார்த்தை கேட்டு வைக்க வேண்டாமா?

"ஏன்னா, ஒரு பாட்டில் கொடுத்தாத்தான் என்ன? அவர் என்ன நினைச்சுப்பார்?"

பத்ரிநாராயணன் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினார். காலித் தொட்டியின் விளிம்பை விரலால் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது.

"நன்னாருக்கே! போர் தண்ணியக் கொடுத்து அவர் பேட்டரியக் கெடுக்கச் சொல்றியா?" என்றவர், அவள் கையிலிருந்த காபியை வாங்கி நிதானமாக ஒரு வாய் குடித்தார். "நாளைலேர்ந்து கேன் தண்ணிய ஊத்துடி. பொங்கலுக்குப் பிரணவ் வரான், இந்த உப்பைப் பார்த்தா மெஷின் ரிப்பேர்னு கண்டுபிடிச்சுடுவான்."