உயர்த்திய கைகள்

காவல் எந்திரத்துக்கு யாரைச் சுடலாம், யாரைச் சுடக்கூடாது என்று கற்றுக்கொடுத்தவள் மாதங்கி. செய்தவரே முதலில் அதன் முன்னால் போய் நிற்பது அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம். அதுவும் நிஜக் குண்டுகளோடு. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடைக்குப் போகிறவளைப் போல வேலியிட்ட சோதனைத் திடலுக்குள் நடந்தாள். துப்பாக்கிக் குழல் அவள் மார்பை நோக்கித் திரும்பியது. இரண்டு கைகளையும் உயர்த்தினாள். குழல் தாழ்ந்தது. வேலிக்கு வெளியே ஒரே கைதட்டல்.

"சரணடைஞ்சவங்களைத் தொடாதுன்னு சொன்னேன்ல!" என்று கத்தினாள்.

"ஜெயிச்சிட்டம்மா! கையை இறக்கிட்டு வா," என்றார் தலைமைப் பொறியாளர் செங்கோடன்.

இறக்கினாள். குழல் மெல்ல நிமிர்ந்தது. சட்டென்று கைகளைத் தூக்கினாள், தாழ்ந்தது. உயர்த்திய கைகளோடே ஓரடி பின்வைத்தாள், நிமிர்ந்தது. கை உயர்த்துவதை ஆயிரம் விதமாக அதற்குக் காட்டியிருந்தாள். அதற்கு அப்புறம் என்ன என்று ஒருமுறைகூடக் காட்டவில்லை.

"ஆஃப் பண்ணுங்க சார்."

"எப்படிம்மா? எதிரி ஏமாத்திடக்கூடாது, திடலுக்குள்ளே ஆள் இருக்கிறவரைக்கும் யார் சொன்னாலும் ஆஃப் ஆகக்கூடாதுன்னு நீதானே வச்சே?"

மாதங்கி அசையாமல் நின்றாள். வேலிக்கு வெளியே, தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை.