கிள்ளான் லோரியின் கீச்சல்

தனலெட்சுமியின் கண் சாலையில் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பக்கிரிசாமியின் கைகளிலேயே இருந்தது, கைதியைக் கூட்டிப்போகும் போலீஸ்காரர் பார்ப்பதைப் போல.

"கீ...ச்ச்ச்!"

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பிய பழைய லோரி, சுங்கை வே மேட்டில் ஏறும்போது மறுபடி அலறியது. பக்கிரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இன்னிக்கும் நிக்கல போலிருக்கே, டிரைவரே?"

"நேத்துதான் பெல்ட்ட இறுக்கினேம்மா. என்னான்னே புரியல."

ஊரே அவனை அண்ணே என்று கூப்பிடும். லோரியின் சொந்தக்காரி தனலெட்சுமிக்கு மட்டும் அவன் 'டிரைவரே' தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் காய்ச்சலில் போனதிலிருந்து அவன்தான் இந்த லோரியை ஓட்டிச் சோறு போடுகிறான். அப்படியும் அந்த வாயில் ஒரு 'அண்ணே' வரவில்லை.

சத்தம் முதலில் வந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். விஷயத்தைச் சொன்னதும், "நானும் வந்து கேக்கிறேன்" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே விசிறியைச் சுற்றும் தோல் பெல்ட்டை இறுக்கினான், சத்தம் நின்றது. நாலு நாள்தான். ஐந்தாம் நாள் மறுபடி கீச்சல், மறுபடி அவள். அதற்கப்புறம் தினமும் இரண்டும் உண்டு.

கூட வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். ஏறும்போது தெருப் பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "வண்டியில என்னமோ கோளாறு. நானே கூடப் போய்ப் பாத்தாத்தான் சரிப்படும்!" என்பாள். பக்கிரிசாமிக்கு மானம் போகும்.

ரப்பர் தோட்டங்களில் ஆள் குறைத்து, தமிழாட்களைக் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. இந்த வேலை போனால் நாற்பது வயதில் அவனுக்கும் கப்பல்தான்.

போதாக்குறைக்கு வாசு. வேலையில்லாமல் லோரிக் கொட்டகையையே சுற்றிக்கொண்டிருந்த டிரைவர் அவன். தலையில் எண்ணெய் வழிய வழியச் சீவிக்கொண்டு முந்தாநாள் சொன்னான்: "அந்தம்மா உங்கள நம்பல லா, அண்ணே. இல்லாட்டி ஏன் பக்கத்துலயே உக்காந்து வருது? பாத்து நடந்துக்குங்க."

கிள்ளானில் செங்கல்லை இறக்கியதும் தனலெட்சுமி வாங்கியவரிடம் பேசப் போனாள். அந்த நேரத்தில் பக்கிரிசாமி லோரியை மெக்கானிக் ஜெயராஜின் பட்டறைக்குள் விட்டான்.

ஜெயராஜ் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நீளக் குச்சியின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டின் உள்பக்கம் விரலால் வழித்து மோந்து பார்த்தார். முகம் மாறியது.

"பக்கிரியண்ணே, இது எஞ்சின் எண்ணெய் இல்ல. தேங்காயெண்ணெய்."

"தேங்காயெண்ணெயா?"

"பெல்ட்டு வழுக்கினா இப்படித்தான் கத்தும். தானா வந்து ஒட்டாது. யாரோ வேணும்னே தடவுறாங்க. உங்களுக்கு வேண்டாதவன் யாரு?"

பக்கிரிசாமியின் கண்முன் வாசுவின் தலைதான் வந்து நின்றது.

பெல்ட்டைத் துடைத்து மாட்டினார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் லோரி வாயே திறக்கவில்லை. தனலெட்சுமியும்தான்.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது, "சரியாப் போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆச்சும்மா. இனிமே நீங்க கெடந்து அலைய வேணாம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நல்லது சொன்னாலும் இந்த அம்மா முகம் மலராதா என்று அவனுக்கு வெறுத்துப்போனது. எண்ணெய் விஷயத்தை அவளிடம் மூச்சு விடவில்லை. கையும் களவுமாக ஆளைப் பிடித்து முன்னால் நிறுத்தாமல் வாயைத் திறந்தால், நீயே தடவியிருப்பாய் என்று சொல்லிவிட மாட்டாளா?

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் வந்து, கொட்டகையில் அடுக்கியிருந்த செங்கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

வாசு வந்தான். பக்கிரிசாமியின் கை இறுகியது. ஆனால் வாசு லோரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாயடியில் முகம் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு ரயில் கேட்டுப் பக்கம் நடையைக் கட்டினான்.

இவன் இல்லையா? அப்படியென்றால் யார்?

யோசித்து முடிப்பதற்குள் மெல்ல ஒரு காலடிச் சத்தம். லோரியின் பானெட் திறக்கும் ஓசை. பக்கிரிசாமி ஒரே தாவில் போய், எஞ்சினுக்குள் நுழைந்த கையைப் பிடித்தான்.

"மாட்டுனியா!"

எண்ணெய்க் கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. பிடித்த கைக்குரியவளைப் பார்த்ததும் சட்டென்று விட்டான்.

தனலெட்சுமி!

"என்னைய வேலைய விட்டு அனுப்பணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு வருஷம் உழைச்சவன் மேல இப்படியா பழி போடுறது?"

அவள் விரல்களை முந்தானையில் துடைத்தாள். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். தலை நிமிரவில்லை.

"வண்டி நல்லா ஓடுனா, நான் என்னா சாக்கு சொல்லி உங்க பக்கத்துல உக்கார்றது?"