எங்கள் கோடு

எழுந்து பல் துலக்கி, முகம் மழித்து, இரண்டு முட்டை அவித்துத் தின்றுவிட்டு அரங்கத்துக்கு வருகிறேன். மனைவி இறந்த பிறகு இது முதல் கூடைப்பந்து ஆட்டம். சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டம்தான். ஆனால் இன்று நான் ஆடுவதைப் பார்த்துத்தான் அணியில் எனக்கு இடம். எதிரணி வேறு நாட்டு லீக்கைச் சேர்ந்தது. வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு அங்கே கூடைக்கு இன்னும் பக்கத்தில் இருக்குமாம். இன்று தரையில் எங்கள் கோடு. என்னைத் தடுக்க வேண்டியவன் பழக்க தோஷத்தில் ஓரடி உள்ளேயே நின்றுவிடுகிறான். “அண்ணே, வாசலைத் திறந்து வச்சுட்டு நிக்கிறான், போடுங்க,” என்று பந்தைத் தள்ளிவிடுகிறான் சக ஆட்டக்காரன். கோட்டுக்கு வெளியே நின்றபடியே எறிகிறேன். பந்து வளையத்தைத் தொடாமல் வலையை மட்டும் உரசி இறங்குகிறது. அடுத்ததும் அப்படியே. “போதும்டா, உன் இடம் உனக்குத்தான். வந்து உட்காரு,” என்கிறார் பயிற்சியாளர். தலையசைத்து மறுக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கடைசியாகச் சொன்னது, “சும்மா என்னையே பாத்துட்டு உட்காராதே. போய் ஆடு. எனக்குத் தூக்கம் வருது.”